எத்தனை லைன் போதும்? எர்லாங் என்ற மனிதரின் கதை

டெலிகாம் ஸ்விட்சிங் படிச்சவங்களுக்கு எர்லாங் என்றால் ஒரு அலகு. ஒரு எர்லாங், அரை எர்லாங், 0.1 எர்லாங். ரெண்டு மார்க் கேள்வியில டெஃபனிஷன் எழுதிட்டு அடுத்த பக்கம் போயிடுவோம். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்களுக்கு அது ஒரு புரோகிராமிங் மொழி. ரெண்டு பேருக்கும் பின்னாடி ஒரு ஆள் இருக்கார் என்பது எந்த நோட்ஸிலயும் இருக்காது. அக்னர் க்ராருப் எர்லாங், டென்மார்க் நாட்டுக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் மகன். அவரும் ஏழு வருஷம் வாத்தியாரா இருந்தவர். கல்யாணம் பண்ணிக்கல. 51 வயசுல இறந்துட்டார்.

அவரை இந்த இதழ்ல எழுதக் காரணம், அவர் போட்ட கணக்கு நம்ம ஊருக்குத் தேவைப்படுது. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும்போது போன்ல சிக்னல் கோடுகள் ஒவ்வொண்ணா குறைஞ்சு, சில வளைவுகள்ல சுத்தமா போயிடுறதை நீங்க பார்த்திருப்பீங்க. மலைக்கு வெளியே பேச இருக்கிற வழிகள் கொஞ்சம். பேச வேண்டியவங்க நிறைய. அப்போ எத்தனை வழி இருந்தா போதும்? கிட்டத்தட்ட இதே கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் உட்கார்ந்து யோசிச்சார்.

எர்லாங் பிறந்தது 1878 ஜனவரி 1. கிரஹாம் பெல் டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கி அப்போ ரெண்டு வருஷம்கூட முடியல. ஊர் பெயர் லோன்போர்க், டென்மார்க்கின் மேற்குப் பக்கம், யூட்லாந்து பகுதியில் ஒரு கிராமம். நம்ம மலையை மனசுல வச்சுக்கிட்டு அந்த ஊரைக் கற்பனை பண்ணாதீங்க. டென்மார்க் முழுக்கத் தேடினாலும் இயற்கையான உயரமான இடம் சுமார் 170 மீட்டர்தான்; கல்வராயன் மலையில நாம பாதி ஏறுறதுக்குள்ள அந்த உயரத்தைத் தாண்டிடுவோம். அப்பா ஹான்ஸ் நீல்சன் எர்லாங் அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர், சர்ச் எழுத்தர் வேலையும் பார்த்தார். அம்மா மக்டலேனா, க்ராருப் குடும்பம். அந்த வழியில முன்னோர்ல ஒருத்தர் தாமஸ் ஃபிங்கே. ட்ரிகனாமெட்ரியில டேன்ஜென்ட், சீகன்ட் என்ற சொற்களைக் கொண்டு வந்தவர் அவர்தான்.

பையன் அமைதியான ஆள். விளையாடுறதைவிடப் படிக்கிறது பிடிக்கும். சாயந்திரம் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே புத்தகத்தை மேஜையில வச்சுப் படிப்பாங்களாம். ஃப்ரெடெரிக் நேரா உட்கார்ந்து படிப்பார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அக்னர் தலைகீழா படிப்பார். வானியல்னா உயிர். நட்சத்திரங்களைப் பத்திக் கவிதைகூட எழுதியிருக்கார்.

14 வயசுல கோபன்ஹேகன் போய் ஒரு தகுதித் தேர்வு எழுதினார். வயசு போதாது என்பதால தனி அனுமதி வாங்கி எழுதின தேர்வு, சிறப்பா தேறிட்டார். உடனே மேல்படிப்புக்குப் போகல. ஊருக்குத் திரும்பி, அப்பா பள்ளியிலேயே ரெண்டு வருஷம் உதவி ஆசிரியர். அந்த நேரத்துல லத்தீனும் பிரெஞ்சும் கத்துக்கிட்டார். 1896ல கோபன்ஹேகன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. வீட்ல பணவசதி கிடையாது, உதவித்தொகையிலயும் ரேகென்சன் என்ற மாணவர் விடுதியில கிடைச்ச இலவச இடத்துலயும்தான் படிப்பு ஓடியது. 1901ல முதுகலை முடிச்சார். முக்கியப் பாடம் கணிதம், கூடவே வானியல், இயற்பியல், வேதியியல்.

படிப்பு முடிஞ்சதும் ஏழு வருஷம் பள்ளிகள்ல பாடம் எடுத்தார். நடுவுல 1904ல ஒரு கணிதப் பிரச்சினைக்கு எழுதின தீர்வுக்குப் பல்கலைக்கழகப் பரிசு. டெலிபோனுக்கும் அவருக்கும் அதுவரை எந்தச் சம்பந்தமும் இல்லை. டேனிஷ் கணிதச் சங்கக் கூட்டங்களுக்குத் தவறாமப் போவார், அவ்வளவுதான். அந்தக் கூட்டங்கள்ல யோஹான் யென்சன் என்பவரோட பழக்கம் ஏற்பட்டது. ஜென்சன் இன்ஈக்வாலிட்டினு நாம படிக்கிறோமே, அவரேதான். அவர் பேராசிரியர் இல்லை. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியின் தலைமைப் பொறியாளர். பகல்ல கேபிள், ராத்திரியில கணிதம். அவர் எர்லாங்கைக் கம்பெனி நிர்வாக இயக்குநர் ஃப்ரிட்ஸ் யோஹான்சனிடம் அறிமுகப்படுத்தினார்.

இந்த யோஹான்சனைக் கொஞ்சம் கவனிங்க. டெலிபோன் அழைப்புகளுக்கு நிகழ்தகவைப் பயன்படுத்த முடியுமான்னு எர்லாங் வருவதற்கு முன்னாடியே அவரே முயற்சி பண்ணி, 1907ல காத்திருப்பு நேரம் பத்தி எழுதியிருந்தார். கணக்கு ஒரு இடத்துக்கு மேல போகல. அதுக்கு ஒரு கணித ஆள் வேணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. ஒரு கம்பெனியோட தலைவர், கணக்கு வாத்தியாரைப் பிடிச்சு ஆராய்ச்சிக்குன்னு சம்பளம் கொடுத்து உட்கார வைக்கிறார். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வர்ற கம்பெனிகள் இதைப் படிச்சா தேவலை. 1908ல எர்லாங் சேர்ந்தார். கடைசி வரைக்கும் அதே கம்பெனி.

அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்ச் எப்படின்னு ஒரு நிமிஷம். ஒரு பெரிய பலகை, அதுல நூற்றுக்கணக்கான துளைகள், முன்னாடி வரிசையாப் பெண் ஆபரேட்டர்கள். நீங்க போனை எடுத்தா அங்கே ஒரு அடையாளம் தெரியும். ஆபரேட்டர் உங்க கிட்ட எண் கேட்டு, ஒரு கயிறு மாதிரியான கார்டை எடுத்து அந்தத் துளையில சொருகுவார். கார்டு காலி இல்லேன்னா காத்திருக்கணும். இன்னொரு எக்ஸ்சேஞ்சுக்குப் போற லைன் காலி இல்லேன்னா பேசவே முடியாது. ஒவ்வொரு லைனும் தரையில புதைச்ச செம்புக் கம்பி, காசு. அதிகம் போட்டா கம்பெனிக்கு நஷ்டம், குறைச்சுப் போட்டா ஜனங்களுக்குக் கஷ்டம். எத்தனைங்கிறதை அதுவரை அனுபவத்துல குத்துமதிப்பாத்தான் முடிவு பண்ணிக்கிட்டிருந்தாங்க.

எர்லாங் கையில எடுத்தது ஒரு கிராமத்து எக்ஸ்சேஞ்ச் என்று அவர் வாழ்க்கையை எழுதியவங்க சொல்றாங்க. ஊருக்குள்ள நிறைய போன், வெளியூருக்குப் போற லைன் கொஞ்சம். வெளியே பேச முயற்சி பண்றவங்கள்ல எத்தனை பேருக்கு லைன் கிடைக்காது?

இதை லோன்போர்க்கிலேயே விட்டுடாம வெள்ளிமலைக்குக் கொண்டு வருவோம். நீங்களே செஞ்சு பார்க்கக்கூடிய ஒரு அமைப்பா வச்சுக்கலாம். ஒரு பழைய கம்ப்யூட்டர், அதுல லினக்ஸ், மேலே ஆஸ்டெரிஸ்க். ஆஸ்டெரிஸ்க் தெரியாதவங்களுக்கு: 1999ல மார்க் ஸ்பென்சர் என்ற மாணவர், தன்னோட சின்ன லினக்ஸ் கம்பெனிக்கு இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச் வாங்கக் காசு இல்லாம, தானே சி மொழியில எழுதி ஓப்பன் சோர்ஸா விட்ட எக்ஸ்சேஞ்ச் மென்பொருள். அதுல நாலு சாதாரண டெலிபோன் லைனை உள்ளே வாங்குற ஒரு கார்டு. மலை ஊர்கள்ல ஆரம்ப சுகாதார நிலையம், உண்டு உறைவிடப் பள்ளி, ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடைன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஐபி போன், நடுவுல வயர்லெஸ் இணைப்பு. ஊருக்குள்ள பேச எத்தனை பேர் வேணும்னாலும் பேசலாம், பிரச்சினையே இல்லை. கள்ளக்குறிச்சிக்குப் பேசணும்னா அந்த நாலு லைன்தான். வெளி லைனோட இணைக்கிறதுக்குத் தொலைத்தொடர்புத் துறை விதிகள் இருக்கு, லேப்ல செய்றதுக்கு முன்னாடி அதையும் படிச்சுடுங்க.

இப்போ 1909க்கு வருவோம். எர்லாங்கோட முதல் பெரிய கட்டுரை அந்த வருஷம். அதுல அவர் காட்டினது, அழைப்புகள் பாய்சான் பரவல்படி வருதுங்கிறதை. ஒரு மணி நேரத்துக்குச் சராசரி 20 அழைப்புன்னா மூணு நிமிஷத்துக்கு ஒண்ணு. ஆனா மூணு நிமிஷத்துக்கு ஒருமுறை மணி அடிச்ச மாதிரி வராது. எந்த மூணு நிமிஷத்தை எடுத்தாலும் ஒரு அழைப்பும் வராமப் போக 37 சதவீத வாய்ப்பு. சரியா ஒண்ணு வர 37 சதவீதம். ரெண்டு வர 18 சதவீதம். மூணோ அதுக்கு மேலயோ வர 8 சதவீதம். அரை மணி நேரமா பஸ்ஸே வரல, வந்தா மூணா வருதுன்னு பஸ் ஸ்டாண்டுல புலம்புவோமே, அது மாதிரி. பஸ்ஸுக்கு வேற காரணங்களும் இருக்கு, அதை விடுங்க. யாரும் யாரையும் கேட்காம அவங்கவங்க தேவைக்குப் போனை எடுத்தா, கூட்டம் தானாவே அங்கங்கே கூடும். சராசரியைப் பார்த்து லைன் போட்டா மாட்டிக்குவீங்க என்பதுதான் இதுல கத்துக்க வேண்டியது.

அதே 20 அழைப்பு, ஒவ்வொண்ணும் சராசரி மூணு நிமிஷம். மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு 60 நிமிஷப் பேச்சு. அதாவது ஒரு லைன் இடைவிடாம நிரம்புற அளவு. இதுதான் ஒரு எர்லாங். அப்போ ஒரு லைன் போதும்னு தோணுது இல்லையா? எர்லாங் சூத்திரத்துல போட்டுப் பாருங்க. ஒரு லைன் இருந்தா பாதிப் பேருக்குக் கிடைக்காது. ரெண்டு லைன்னா 20 சதவீதம் பேருக்குக் கிடைக்காது. மூணுன்னா 6.25 சதவீதம். நாலு போட்டா ஒன்றரை சதவீதத்துக்குப் பக்கத்துல வந்துடும். அஞ்சு போட்டா 0.3 சதவீதம்.

கணக்கு போடுறதும் கஷ்டமில்லை. லைனே இல்லாதபோது இழப்பு 1, அதாவது எல்லாருக்கும் கிடைக்காது. ஒவ்வொரு லைன் கூட்டும்போதும், முந்தைய இழப்பை எர்லாங் அளவால் பெருக்கி ஒரு எண் எடுங்க. அந்த எண்ணை, அதே எண்ணோட லைன் எண்ணிக்கையைக் கூட்டி வர்றதால வகுங்க. புது இழப்பு வந்துடும். பைத்தான்ல மூணு வரி. எர்லாங்குக்குப் பைத்தான் இல்லை, பென்சில்தான். இன்ஜினியர்கள் இதைத் தினசரி பயன்படுத்தணும்னா அட்டவணை வேணும்னு தெரிஞ்சு, அட்டவணை போட்டுக் கொடுத்தார். எண் அட்டவணை தயாரிக்கிறதுல அவருக்கு எப்பவும் ஒரு ஆசை. நாலு இலக்க லாகரிதம் அட்டவணைகூட வெளியிட்டிருக்கார்.

ஆனா அவர் வெறும் பென்சில் ஆள் இல்லை, எனக்கு இவரைப் பிடிச்சதே இதனாலதான். கம்பெனியில அவர் ஆய்வகத்துக்குத் தலைவர், ஆரம்பத்துல அந்த ஆய்வகத்துல வேற ஆளே கிடையாது. கேபிள்கள்ல திருட்டு மாதிரி நுழையுற கசிவு மின்னோட்டத்தை அளக்கணும்னா அவரே தெருவுக்குப் போவார். கோபன்ஹேகன் தெருவுல கணித மேதை முன்னாடி நடக்க, பின்னாடி ஏணியைத் தூக்கிக்கிட்டு ஒரு தொழிலாளி வர, ஒவ்வொரு மேன்ஹோலா இறங்கி ஏறி அளந்துக்கிட்டே போவாங்க. ஊர்க்காரங்களுக்கு அது பழகின காட்சி ஆயிடுச்சாம்.

1917ல வந்த கட்டுரைதான் அவரோட உச்சம். தானியங்கி எக்ஸ்சேஞ்சுகளுக்கான நிகழ்தகவுப் பிரச்சினைகள் என்ற மாதிரியான தலைப்பு. ரெண்டு கேள்விக்கும் அதுல விடை இருந்தது. லைன் காலி இல்லேன்னா அழைப்பைத் துண்டிச்சுடுற அமைப்புல எத்தனை பேர் இழப்பாங்க? வரிசையில நிக்க வைக்கிற அமைப்புல எத்தனை பேர் காத்திருப்பாங்க, எவ்வளவு நேரம்? நாம இப்போ எர்லாங் பி, எர்லாங் சி என்று படிக்கிறது இதைத்தான்.

ரெண்டாவதைப் புரிஞ்சுக்க உங்க வீட்டுத் தாத்தா பாட்டி கிட்ட டிரங்க் கால் பத்திக் கேளுங்க. புக் பண்ணிட்டு, போன் இருக்கிற கடையிலயோ தபால் ஆபீஸ்லயோ மணிக்கணக்கா உட்கார்ந்திருக்கணும். அழைப்பு தொலையாது, வரிசையில நிக்கும். ஆஸ்டெரிஸ்க்ல இந்த ரெண்டையுமே நீங்க தேர்ந்தெடுக்கலாம். டயல்ப்ளான்ல நேரா டயல் பண்ணச் சொல்லி, லைன் இல்லேன்னா பிஸி டோன் கொடுத்தா எர்லாங் பி. காத்திருக்க வச்சுப் பாட்டு போட்டா எர்லாங் சி. அதே ஒரு எர்லாங்குக்கு ரெண்டு லைன் இருந்தா மூணுல ஒருத்தர் காத்திருக்கணும், அப்படிக் காத்திருக்கிறவங்க சராசரியா மூணு நிமிஷம் நிப்பாங்க. மூணு லைன் ஆக்கினா பதினொண்ணுல ஒருத்தர்தான். ஒரே லைன்னா வரிசை முடிவே இல்லாம நீண்டுக்கிட்டே போகும்.

இங்கேதான் திரையுள்ள போன் வேலைக்கு வருது. சிஸ்கோ 7960 மாதிரியான பழைய மேஜை போன்களைச் செகண்ட் ஹேண்ட்ல தேடிப் பாருங்க. கறுப்பு வெள்ளைத் திரை, பக்கத்துல பட்டன்கள். பிறவியில அது சிஸ்கோவோட சொந்த ப்ரோட்டோகால் பேசும். சிப் ஃபர்ம்வேர் ஏத்தினா ஆஸ்டெரிஸ்க்கோட பேசும். ஆன் ஆனதும் டி.எஃப்.டி.பி. சர்வர்ல தன் மேக் அட்ரஸ் பெயர்ல இருக்கிற கான்ஃபிக் ஃபைலைத் தேடும். ஒரு எச்சரிக்கை: இதுக்குச் சாதாரண பி.ஓ.இ. ஸ்விட்ச் கரன்ட் கொடுக்காது. இது சிஸ்கோவோட பழைய முறை, தனி 48 வோல்ட் அடாப்டர் வாங்கிடுங்க. அந்தக் கான்ஃபிக்ல சர்வீசஸ் பட்டனுக்கு ஒரு முகவரி கொடுக்கலாம். பட்டனை அமுக்கினா போன் அந்த முகவரிக்கு எச்.டி.டி.பி. வழியா போய் ஒரு சின்ன எக்ஸ்.எம்.எல். பக்கத்தை வாங்கித் திரையில காட்டும். எழுத்து, மெனு, டைரக்டரி, எண் உள்ளிடுற கட்டம், இவ்வளவும் அந்த எக்ஸ்.எம்.எல்.ல முடியும். பத்து விநாடிக்கு ஒருமுறை புதுப்பிச்சுக்கோன்னு ஹெடர்லயே சொல்லலாம். அந்தப் பக்கத்தை உருவாக்குறது உங்க ஸ்கிரிப்ட். அது ஆஸ்டெரிஸ்க் மேனேஜர் இன்டர்ஃபேஸ்ல இப்போ எத்தனை சேனல் ஓடுதுன்னு கேட்டு எழுதும்.

அப்போ ரேஷன் கடை போன் திரையில நாலுல மூணு லைன் பிஸின்னு தெரியும். அவசரமில்லாதவர் அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பேசுவார். கடைசி ஒரு லைனைச் சுகாதார நிலையத்துக்கு மட்டும் ஒதுக்கி வைக்கிறதும் டயல்ப்ளான்ல சில வரி. எர்லாங் காலத்து ஜனங்களுக்கு எக்ஸ்சேஞ்சுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிய வழியே இல்லை. ஆபரேட்டர் குரல் மட்டும்தான்.

இன்னொரு கணக்கும் பாருங்க, ஊராட்சிக் கூட்டத்துல சொல்லக்கூடியது. மலையில ரெண்டு ஊருக்கு ரெண்டு தனித்தனி பெட்டி வச்சு, ஆளுக்கு நாலு லைன் போட்டா மொத்தம் எட்டு. ஒவ்வொண்ணுலயும் ஒரு எர்லாங், இழப்பு ஒன்றரை சதவீதம். ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்தா ரெண்டு எர்லாங். அதுக்கு ஆறு லைனே போதும், இழப்பு 1.2 சதவீதம்தான். ரெண்டு லைன் மிச்சம். பெரிய ஊருக்கு எப்பவும் வசதி மலிவாக் கிடைக்கிறதுக்கும், சின்ன ஊருக்குத் தலைக்கு அதிகம் செலவாகுறதுக்கும் இந்தக் கணக்கும் ஒரு காரணம். யாரோ வேணும்னே ஒதுக்கினாத்தான் மலைக்கு லைன் வரலைன்னு அர்த்தமில்லை. செலவுக்கணக்கை மட்டும் பார்த்துக்கிட்டே இருந்தாலும் வராது.

சூத்திரம் எதைச் சொல்லாதுன்னும் பார்க்கணும். எத்தனை சதவீதம் இழந்தா பரவாயில்லைன்னு அது சொல்லாது. அது நாம கொடுக்கிற எண். ஊருக்குள்ள கல்யாணச் செய்தி சொல்றவருக்கு 20 சதவீதம் தாங்கும், மறுபடி போட்டுக்கலாம். பிரசவ வலியில இருக்கிற பொண்ணுக்கு 108 கூப்பிடணும்னா அந்த அஞ்சுல ஒண்ணு யாரோட அழைப்பு? நம்ம பாடப் புத்தகத்துல க்ரேட் ஆஃப் சர்வீஸ்னு ஒரு சொல்லைப் போட்டு, ஏதோ ஒரு சதவீதத்தைக் கேள்வியிலேயே கொடுத்துடுவாங்க. அந்த எண்ணை யார் முடிவு பண்ணாங்கன்னு எந்த யூனிட்லயும் வராது. வரணும்னு நினைக்கிறேன்.

அடுத்தது, லைன் கிடைக்காதவர் பேசாமப் போயிடுவார்னு எர்லாங் பி நினைச்சுக்குது. நம்ம ஆள் போவாரா? உடனே ரீடயல் அமுக்குவார். அப்போ உண்மை நிலைமை கணக்கைவிட மோசமாத்தான் இருக்கும். அதுமட்டுமில்லாம, ஒவ்வொருத்தரும் தனித்தனியா யோசிச்சுப் பேசுறாங்கங்கிறது பாய்சானோட அடிப்படை. மழையில ரோடு அறுத்துக்கிட்டா? கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறினா? பிளஸ் டூ ரிசல்ட் வந்த காலையில? எல்லாருக்கும் ஒரே காரணம், ஒரே நேரம். அந்த நாளுக்கு அட்டவணையை நம்பக்கூடாது. எர்லாங்கே தன் கணக்கு எந்த நிபந்தனையில நிக்கும்னு கட்டுரையிலேயே தெளிவா வச்சுத்தான் தொடங்குவார். அட்டவணையை மட்டும் எடுத்துக்கிட்டவங்கதான் அந்த நிபந்தனையை விட்டுட்டாங்க. அதனாலதான் முதல்ல அளக்கணும். ஆஸ்டெரிஸ்க் ஒவ்வொரு அழைப்புக்கும் யார், எப்போ, எத்தனை விநாடின்னு சி.டி.ஆர். ஃபைல்ல எழுதி வைக்கும். மேன்ஹோல்ல இறங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

ஆளைப் பத்தி இன்னும் கொஞ்சம். எளிமையா இருந்தார். கூட வேலை செஞ்சவங்க அவரைத் தனிமை விரும்பின்னு அர்த்தம் வர்ற பட்டப் பெயர்ல கூப்பிட்டாங்க. கல்யாணம் இல்லை, வேலையும் படிப்பும்தான். கணிதம், வானியல், இயற்பியல் புத்தகங்களா வீடு நிறைய சேர்த்து வச்சிருந்தார். கேட்டு வர்றவங்களுக்குக் கணக்கு விளக்குறதுல அலுப்பே கிடையாது. தான் கண்டுபிடிச்சதை ஒளிச்சு வைக்கிற பழக்கமும் இல்லை. ஏழைகள் உதவி கேட்டு வீட்டுக்கும் ஆபீசுக்கும் வருவாங்க. யாருக்கும் தெரியாம, வாங்குறவருக்கு வலிக்காத மாதிரி கொடுத்து அனுப்புவார்.

கிட்டத்தட்ட இருபது வருஷ வேலையில உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டதே இல்லைன்னு சொல்வாங்க. 1929 ஜனவரியில வயித்துக் கோளாறு. மருத்துவமனையில அறுவை சிகிச்சை நடந்தது. பிப்ரவரி 3ஆம் தேதி இறந்துட்டார்.

அவர் சூத்திரம் அதுக்குள்ள வெளிநாடு போயிடுச்சு. பிரிட்டிஷ் தபால் துறை, அங்கே டெலிபோனும் அவங்க கையிலதான் இருந்தது, எக்ஸ்சேஞ்ச் திட்டமிட அதைப் பயன்படுத்தியது. அமெரிக்காவுல பெல் ஆய்வகத்து ஆள் ஒருத்தர் இவர் கட்டுரைகளை மூலத்துல படிக்கிறதுக்காகவே டேனிஷ் கத்துக்கிட்டாராம். 1946ல சர்வதேசத் தொலைபேசி ஆலோசனைக் குழு ட்ராஃபிக் அலகுக்கு அவர் பெயரை வச்சது. அவர் இறந்து 17 வருஷம் கழிச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு, 1948ல, அவர் வாழ்க்கையும் கட்டுரைகளும் சேர்ந்து ஆங்கிலத்துல ஒரு புத்தகமா வந்தது. 1986ல எரிக்சன் கம்பெனியில எக்ஸ்சேஞ்சுகளுக்குன்னு ஒரு மொழி உருவாகத் தொடங்கி, அதுக்கும் எர்லாங்னு பெயர் வந்தது. எரிக்சன் லாங்குவேஜ்ங்கிறதோட சுருக்கமாவும் அதைப் படிக்கலாம், ரெண்டுமே பொருந்தும். உங்க வாட்ஸ்அப் சர்வர் ஓடுறது அந்த மொழியிலதான்.

நம்ம நாட்டுக் கிராமங்களுக்கும் அந்தக் கணக்கு வந்து சேர்ந்தது. 1984ல தொடங்கின சி-டாட், 128 போர்ட் கொண்ட கிராமப்புற எக்ஸ்சேஞ்சை வடிவமைச்சு, 1986ல கர்நாடகத்துல கிட்டூர்ல வச்சது. ஏ.சி. இல்லாம, தூசியிலயும் வெயில்லயும் ஓடணும்னு செஞ்ச பெட்டி. 128 போர்ட்ல எத்தனையை ஊர் ஜனங்களுக்குக் கொடுக்கிறது, எத்தனையை வெளியூர் லைனுக்கு ஒதுக்குறதுன்னு கணக்கு போட உட்கார்ந்தவங்க மேஜையில இருந்தது எர்லாங் அட்டவணை. வெள்ளிமலையில பெட்டி வைக்க உட்காரும்போது உங்க மேஜையிலயும் அதுதான் இருக்கும். பக்கத்துல ஒரு வாரத்து சி.டி.ஆர். ஃபைலையும் எடுத்து வச்சுக்கோங்க.